புளியமரத்துப் பொந்து

புதூர்நாட்டு மலையில் மாசி முடிகிறது. காலைப் பனி போய் வெயில் உறைக்கிறது. பெண் இருவாச்சி ஒன்று புளியமரப் பொந்துக்குள் அடைகாக்க உட்கார்ந்து, அலகு நுழையும் கீறல் மட்டும் விட்டு வாசலை மண்ணால் பூசிவிட்டது. ஆண் பறவை இரை ஊட்டுவதைப் பார்க்க, தொலைநோக்கியோடு இரண்டு மணி நேரமாக மரத்தடியில் நிற்கிறேன்.

புளி உலுக்கும் கோலோடு மரத்துக்காரர் வருகிறார். குஞ்சு பறந்த பிறகுதான் இந்த மரத்தை உலுக்குவாராம். அடுத்த மரத்துக்குப் போகிறவர் என்னருகே நிற்கிறார்.

“இன்னா பாக்குறீங்க?”

“ஆண் பறவை வரட்டும்னு நிக்கிறேன்.”

“அது அப்பவே வந்துடுச்சுங்க. அதோ, ஆலமரத்துல பழத்த வாயில வச்சிக்கினு உங்களத்தான் பாத்துக்கினு இருக்குது. நீங்க போனாத்தான் உள்ள இருக்கறவளுக்குச் சோறு.”

தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பாமலே உறையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்குகிறேன்.