சூடம் எரியும் வரை வண்டி நகராது

மலையடிவாரத்திலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ் மேட்டுக்கொட்டாய் என்ற சின்ன ஊரில் நிற்கும். போர்டு கிடையாது, நிழற்குடை கிடையாது. ஒரு புங்கமரமும் எதிரே கரும்புக்கொல்லையும்தான் அடையாளம். அங்கே பஸ் எப்படி நிற்க ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பதில் வரும். பெரிய ஊரான பூவரசங்குட்டையில் கேட்டால், முன்னாள் ஊராட்சித் தலைவர் கண்ணாயிரம் மனுப்போட்டு வாங்கித் தந்தார் என்பார்கள். மேட்டுக்கொட்டாயில் கேட்டால் செல்லியம்மாள் வீட்டைக் கைகாட்டுவார்கள்.

பதின்மூன்று வருடமாக இரண்டு பதிலும் தத்தம் ஊரில் சும்மா கிடந்தன. இந்த வருடம் இரண்டு ஊருக்கும் பொதுவான மாரியம்மன் திருவிழாவில் நேருக்கு நேர் வந்துவிட்டன.

காரணம் இளவரசன். பெரிய ஊர்க்காரன், கள்ளக்குறிச்சியில் எம்.ஏ. முடித்தவன். கோயில் பக்கத்தில் ஒரு தகரப் பந்தல் போட்டு, இரண்டு நாற்காலியும் சட்டையில் மாட்டும் ஒரு மைக்கும் வைத்து, ஊர்க்காரர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லட்டும் என்று பதிவு செய்யத் தொடங்கினான். கடைசி நாள் சாமி ஊர்வலம் போகும்போது ஒவ்வொரு தெரு முனையிலும் அந்தத் தெருக்காரர் கதையை மைக்செட்டில் போடுவதாக ஏற்பாடு. விழாக் கமிட்டிக்கும் பிடித்திருந்தது. கமிட்டித் தலைவர் கண்ணாயிரம்தான் முதல் ஆளாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார்.

மூன்றாம் நாள் செல்லியம்மாள் வந்தாள். கரும்பு வெட்டுக்குப் போய்த் திரும்பிய கோலம். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழங்கை எல்லாம் கரும்புச் சோகையின் இலை முனை கீறிய கோடு.

"பேரு செல்லியம்மாள். வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கக்கா" என்றான் இளவரசன்.

"அவரு பேரு எதுக்கு? அவரா பேசப்போறாரு?"

"ஃபார்ம்ல இருக்குதுக்கா."

"அதுக்குக் கீழ இன்னா இருக்குது?"

"தொழில்."

"அத மொதல்ல எழுது. கரும்பு வெட்டு மேஸ்திரி. எங்கிட்ட பதினாறு ஆளு வேலை செய்யுது. அதுல ஒரு ஆளு என் வூட்டுக்காரரு அய்யனார். வேணும்னா அப்படி எழுதிக்க."

பந்தலுக்கு வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த அய்யனார், "எழுது தம்பி, பொய் ஒண்ணும் இல்ல" என்றார்.

பிறகு செல்லியம்மாள் மைக்கில் தன் பேரையும் மேஸ்திரி வேலையையும் பதினாறு ஆளையும் சொல்லிவிட்டு, பஸ் கதையைச் சொன்னாள்.

அவள் மகள் தேவிப்ரியா அப்போது ஒன்பதாவது. பள்ளிக்கூடம் கச்சிராயபாளையத்தில். மேட்டுக்கொட்டாயைத் தாண்டித்தான் பஸ் போகும், ஆனால் நிற்காது. பெரிய ஊர் வரை ஒன்றரை மைல் நடந்து ஏற வேண்டும். கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் அந்த வழி இரண்டு பக்கமும் சுவர் வைத்தது போல ஆகிவிடும். ஒருநாள் கொல்லைக்குள்ளிருந்து எவனோ விசிலடித்தான். அந்த வாரமே மூன்று பெண்கள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அன்று தலைவராக இருந்த கண்ணாயிரத்திடம் செல்லியம்மாள் நான்கு முறை போனாள். நான்கு முறையும் "பாக்கலாம்" என்றார். கண்டக்டர், "ஆர்டர் இல்லம்மா" என்றார்.

அந்தப் பக்கத்தில் சாமி ஊர்வலத்துக்கு ஒரு முறை உண்டு. யார் வாசலில் சூடத்தட்டு ஏந்தி நின்றாலும் சாமி அங்கே நிற்க வேண்டும். சூடம் எரிந்து முடிகிற வரை நகரக் கூடாது. அந்த வருட ஊர்வலத்தில் தட்டோடு நின்றபோதுதான் செல்லியம்மாளுக்கு அது தோன்றியது. சாமியே நிற்கிறது, பஸ் நிற்காதா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு நடுரோட்டில் சூடத்தட்டோடு நின்றாள். டிரைவர் சேவியர்ராஜ் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"யம்மா, நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கு எதுக்கு சூடம் காட்டற?"

"உனக்கு இல்ல சார். உள்ள இருக்கிறவங்களுக்கு."

அதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கைகள் நீண்டன. செல்லியம்மாள் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டைக் காட்டிக்கொண்டே பின்னால் போக, பள்ளிக்கூடம் போகப் புங்கமரத்தடியில் நின்ற ஏழு பெண்களும் பின்படியில் ஏறிவிட்டார்கள். "சூடம் எரியுது, வண்டிய எடுக்காதப்பா" என்று ஒரு கிழவர் டிரைவரை அதட்டினார். ஒன்பது நாள் இப்படி. பத்தாம் நாள் அவள் தீக்குச்சியை உரசுவதற்கு முன்பே சேவியர்ராஜ் வண்டியை நிறுத்தி, "வெக்கத்த வுட்டுச் சொல்றேன், நிக்கிறேம்மா. தட்ட எடுத்துக்கினு வூட்டுக்குப் போ" என்றார்.

"தலைவரு மனுப்போட்டது நெசந்தான்" என்று செல்லியம்மாள் மைக்கில் முடித்தாள். "பஸ்ஸு நின்னு ரெண்டு மாசம் கழிச்சுப் போட்டாரு."

இரண்டு நாள் கழித்து இளவரசன் கரும்புக்கொல்லைக்கே வந்தான். வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தயங்கி நின்றான்.

"அக்கா, தலைவரு நீங்க பேசினதப் போட்டுக் கேட்டாரு. அழிச்சிடச் சொன்னாரு. நான் அழிக்கல. ஆனா ஊர்வலத்துல போட முடியாது. மேட்டுக்கொட்டாய் முனையில அவருத போடணுமாம்."

செல்லியம்மாள் கரும்பின் அடியில் கத்தியைப் போட்டாள். கரும்பு தரையோடு வெட்டுப்பட்டு விழுந்தது.

"எங்க தெரு முனையில அவரு கதையா?"

"கரும்பு வெட்டற கதை சொல்லுங்கக்கா. புதுசா ரெக்கார்டு பண்ணிப் போடறேன். நல்லாவும் இருக்கும்."

"கரும்பு ஊரே வெட்டுது. பஸ்ஸ நான் மட்டுந்தான் நிறுத்தினேன்." சோகையைக் கயிறாக முறுக்கிக் கரும்புக் கட்டைக் கட்டினாள். "நீயும் அதே பஸ்ஸுலதான படிக்கப் போன? சன்னல் ஓரம் உக்காந்துக்கினு சூடத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினியே, மறந்து போச்சா?"

இளவரசன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

சாயங்காலம் கண்ணாயிரமே கொல்லைப் பக்கம் வண்டியை நிறுத்தினார்.

"இந்தா செல்லி. விழா நல்லபடியா நடக்கணும். பழசக் கிளறாத. உனக்கு என்ன கொறச்சல்? பொண்ணு டீச்சராயிட்டா."

"ஆமாங்க தலைவரே. நான் ஆக்கினேன்."

"கமிட்டி முடிவு பண்ணிடுச்சி. கேட்டுக்க."

"கேட்டுக்கினேங்க" என்றாள். அவர் கிளம்பிய பிறகு, "ஒத்துக்கினேன்னு சொல்லல" என்று அய்யனாரிடம் சொன்னாள்.

விஷயம் சின்னசேலத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் தேவிப்ரியாவுக்கும் போனது. போனில் கெஞ்சினாள்.

"யம்மா, வுடேன். நான் படிச்சிட்டேன். அது போதாதா?"

"நீ படிச்சது எனக்குத் தெரியும். எப்படிப் படிச்சன்னு ஊருக்குத் தெரியணும். எங்க தெருவுல என்னை நிக்கவெச்சி, நான் செஞ்சத அவரு செஞ்சதா எங்காதுலயே ஊதுவாங்க, நான் கும்பிட்டுக்கினு நிக்கணுமா?"

கடைசி நாள் காலை பத்து மணிக்கு ஊர்வலம் மேட்டுக்கொட்டாய்க்கு வந்தது. டிராக்டர் டிரெய்லரில் பூ அலங்காரத்தோடு அம்மன். பின்னால் மைக்செட், அதனருகே லேப்டாப்போடு இளவரசன். டிராக்டருக்கு முன்னால் துண்டு போட்டுக்கொண்டு கண்ணாயிரம்.

புங்கமரத்தடியிலிருந்து செல்லியம்மாள் சூடத்தட்டோடு ரோட்டுக்கு இறங்கினாள். மஞ்சள் புடவை, தலை நிறையப் பூ. வண்டி நின்றது. பூசாரி ஆராதனை காட்டி, தேங்காய் உடைத்து, விபூதி கொடுத்தார். சூடம் அணையப் போகும் நேரத்தில் செல்லியம்மாள் இன்னொரு சூட வில்லையைப் போட்டாள். அது குறைந்ததும் இன்னொன்று. இடுப்பில் ஒரு டப்பா முழுக்க இருந்தது.

டிராக்டர்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தார்.

"இன்னா செல்லி இது?" கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டுதலுங்க."

"இன்னா வேண்டுதல்?"

"எங்க தெரு முனையில எங்க தெருக் கதையக் கேக்கணும்னு ஆத்தாளுக்கு ஆசை. போடச் சொல்லுங்க, அனுப்பி வெக்கிறேன்."

"சாமிய வெச்சி வெளையாடற நீ."

"பஸ்ஸுக்கு முன்னாடி நின்னப்பவும் இதத்தான் சொன்னீங்க. மறுநாள் உங்க வூட்டுப் பொண்ணும் அதே பஸ்ஸுல இருந்துதான் என் சூடத்தக் கண்ணுல ஒத்திக்கிச்சி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கண்ணாயிரம் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கையை விரித்தார். "எரியுதுங்களே. எரியும்போது எப்படிங்க எடுக்கச் சொல்றது?"

பின்னால் ஹாரன் கேட்டது. மலையடிவாரத்திலிருந்து வந்த டவுன் பஸ் ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு பெண் தட்டைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இளவரசன் கண்ணாயிரத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பில் எதையோ தேடினான். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

"பேரு செல்லியம்மாள். கரும்பு வெட்டு மேஸ்திரி" என்று அவள் குரல் கரும்புக்கொல்லை முழுக்கக் கேட்டது.

கண்ணாயிரம், "டேய் இளவரசா" என்றார். மைக்செட் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அய்யனார் கூட்டத்தின் ஓரத்தில், "அந்தப் பதினாறு ஆளுல நானும் ஒருத்தன்" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை ஓடிய பதினோரு நிமிடமும் செல்லியம்மாள் வில்லை போட்டுக்கொண்டே இருந்தாள். தட்டு சுட்டது. முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மாசம் கழிச்சுப் போட்டாரு" என்று அவள் குரல் முடித்தபோது பஸ்ஸுக்குள் யாரோ கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவள் வில்லை போடவில்லை. கடைசிச் சுடர் தாழ்ந்து எரியும்போது தட்டை நேராகக் கண்ணாயிரத்தின் முன்னால் நீட்டினாள். இரண்டு ஊரும் ஒரு பஸ்ஸும் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மன் முன்னால் காட்டிய சூடத்தை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. இரண்டு கையையும் சுடருக்கு மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இப்ப எடுக்கச் சொல்லுங்க தலைவரே" என்று செல்லியம்மாள் வழிவிட்டு நகர்ந்தாள்.