சொல்லிவிட்டுப் போன ஞாயிறுகள்

எங்கள் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டரின் அறைக்கதவில் வெளிப்பக்கமாக ஒரு புதுத் தாழ்ப்பாள் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் அறைக்கதவுக்கு வெளியேயும் தாழ்ப்பாள் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அந்தக் கதவு பழையது, பெயின்ட் மங்கியது. தாழ்ப்பாள் மட்டும் பளபளவென்று இருந்தது. கீழே தரையில் மரத்தூளைக்கூட யாரும் பெருக்கியிருக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். என்ன இது என்று கேட்கவும் செய்தேன். பதிலைக் கேட்டுக்கொண்டு, "நல்ல ஏற்பாடு" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான். விவரம் தெரிந்த ஒரு மனிதன் கண்ணால் பார்த்தும் எப்படிப் பார்க்காமல் இருந்தான் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். செம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் தெருக்களின் நலச்சங்கத்துக்கு அப்போது செயலாளராக இருந்தேன். சங்கம் என்றால் குப்பை வண்டி, தெருவிளக்கு, மழை வந்தால் வெள்ளம், இவ்வளவுதான். ஒரு கூட்டத்தில், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி எழுந்தார். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். வயதானவர்கள் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் மாதம் ஒருமுறை நாம் போய் வர வேண்டும் என்றார். தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டுக்குத்தானே என்று கேட்டேன். "தனியா இருக்கறவங்களை நாலு பேர் கேப்பாங்க சார். குடும்பத்தோட இருக்கறவங்களைத்தான் யாருமே கேக்கறதில்ல" என்றார். கூட்டத்தில் சிலர் நெளிந்தார்கள்.

அவர் இரண்டு விஷயங்களை வற்புறுத்தினார். முன்கூட்டித் தகவல் சொல்லக் கூடாது. பெரியவரை வாசலுக்கோ தெருவுக்கோ அழைத்து வந்து, வீட்டார் காதில் விழாத இடத்தில் பேச வேண்டும். நான் இரண்டையும் மறுத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குடும்பத்து வீட்டில் போய் நிற்பது என்ன பண்பு? "சொல்லிட்டுப் போனா வீட்டைத்தான் சார் பாக்கலாம், ஆளைப் பாக்க முடியாது" என்றார் அவர். ஆஸ்பத்திரி வார்டில் அதட்டிப் பழகியவர், அப்படித்தான் பேசுவார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்தினமே எல்லா வீட்டுக்கும் நானே போன் செய்துவிடுவேன்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். நாங்கள் போகும்போதெல்லாம் பெரியவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, நெற்றியில் விபூதியோடு ஹாலில் உட்கார்ந்திருப்பார். மகன் பக்கத்திலேயே உட்காருவான். "சௌக்கியமா சார்?" என்று கேட்பேன். "எனக்கென்ன குறை" என்பார். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டபோது மகன்தான் பதில் சொன்னான். அப்பா ஒருநாள் தனியாகக் கேம்ப் ரோடு வரை போய், அங்கே தடுக்கி விழுந்து, யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்களாம். "ஒரு சேஃப்டிக்குத்தான் அங்கிள்." எனக்கு அது நியாயமாகப் பட்டது. பெரியவர் அப்போது என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதையும் கவனித்தேன்.

சிஸ்டர் என்னிடம் சொல்லாமல் ஒரு வேலைநாளில் அங்கே போயிருக்கிறார். வாசல் பூட்டிக் கிடந்தது. பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து ஜன்னலைத் தட்டியிருக்கிறார். உள்ளே இருந்தவருக்குப் புத்தித் தடுமாற்றம் எதுவும் இல்லை. கழிப்பறை ஹாலைத் தாண்டி இருந்ததால், காலையில் அறைக்கதவு வெளியே தாழிடப்பட்டால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்த சிஸ்டர் உட்கார மறுத்துவிட்டார்.

"உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார் சார். செக்ரட்டரி ஏன் மாசத்துக்கு ஒரு தடவை வரணும், வாராவாரம் வரக்கூடாதான்னு கேட்டார். நீங்க போன் பண்ணாத்தான் அவருக்கு ஷேவிங்காம், நாள் பூரா கதவும் திறந்திருக்குமாம்."

சொல்லும்போது பெரியவர் சிரித்தாராம்.

அன்று மாலையே போனோம். மகன் முதலில் கத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதானே அங்கிள் நல்ல ஏற்பாடுன்னு சொன்னீங்க?" என்றான். சிஸ்டர்தான் பேசினார். பெற்றவரை அடைத்து வைப்பது குற்றம், போலீசுக்கு எழுதிக் கொடுக்க முடியும், கொடுக்கவும் செய்வேன் என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். அதே மூச்சில், பகலில் பெரியவரோடு இருக்கத் தெருவில் யார் யார் முறை வைத்து வருவார்கள் என்பதையும் சொன்னார். மருமகள் அழுதுகொண்டே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள். மகன் தாழ்ப்பாளைக் கழற்றினான்.

அதன் பிறகு பெரியவர் காலையில் ஏரிக்கரைக்கு வந்தார். கூட யாராவது நடப்பார்கள், சில நாள் நான். பல மாதம் தயங்கிய பின் ஒருநாள் கேட்டேன், ஹாலில் நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று.

"அவன் குடுத்த காபியைக் குடிச்சுகிட்டு, அவன் பக்கத்துல உக்காந்து கேட்டீங்க. அந்தக் கேள்விக்கு வேற என்ன பதில் சார் இருக்கு?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவன் என் பையன் வேற" என்றார்.

இப்போது அவரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. நான் அதே தெருவில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். தெருவின் இளைஞர்கள் அந்த வேலையை இன்னும் விடாமல் செய்கிறார்கள், சந்தோஷம். ஆனால் போன வாரம் அவர்களில் ஒருவர் என்னை அழைத்து, ஞாயிறு பத்து மணிக்கு வரலாமா அங்கிள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். சொல்லாமல் வாருங்கள், நான் தெருவில் நின்றுதான் பேசுவேன் என்றேன். அடுப்படியிலிருந்து மருமகள் வந்து நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏன் மாமா, இங்க உங்களுக்கு என்ன குறை?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அவள் எதிரே நின்றபோது அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பதை நான் கவனித்தேன்.