வலியை நிறுத்தச் சொல்லி மாதப்பனிடம் போட்ட சண்டை

சென்ற ஆடி மாதம் என் மனைவி தேவகி வலியில் கத்தியது தெருமுனை வரை கேட்டது. கர்ப்பப்பைப் புற்றுநோய், எலும்பு வரை போயிருந்தது. மைசூரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். வலிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

நான் தாலுகா ஆபீஸில் தாசில்தாருக்கு அடுத்த படியான சிரஸ்தேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேஜைக்குப் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மனைவியின் வலியை எந்த மேஜையில் வைப்பது என்று மட்டும் தெரியவில்லை.

கொள்ளேகாலிலிருந்து என் மைத்துனன் பழனிசாமி வந்தான். அக்கா பிழைத்தெழுந்து, அடிவாரத்திலிருந்து நடந்தே மலையேறி வருவாள் என்று மலை மாதேஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டான். எழுந்து உட்கார முடியாதவளின் கால்களை, அவளைக் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டான். அதன்பின் வீட்டில் யாரும் உண்மையைப் பேசக் கூடாது. வாயைத் திறந்தால், "வேண்டுதல் இருக்கையில அபசகுனமாப் பேசாதீங்க மாமா" என்பான்.

அந்த மாதேஸ்வரனை நாங்கள் மாதப்பன் என்போம்; எங்கள் பேட்டையிலும் அவனுக்குச் சின்னக் கோயில் ஒன்று உண்டு. ஒரு திங்கட்கிழமை காலை அங்கே போனேன். கும்பிடவில்லை. சத்தம் போட்டேன். "குணப்படுத்து, இல்லாவிட்டால் வலியையாவது நிறுத்து. இரண்டில் ஒன்று. பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்."

பின்னால் பூவோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "யாரை சார் இப்படித் திட்டுறீங்க?"

"மாதப்பனைத்தாம்மா. மத்தவங்க டோக்கன் இல்லாமப் பார்க்க மாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. "வீட்ல யாருக்கு சார் முடியல?" என்றாள்.

அவள் பெயர் மங்களா. குணமாகாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அறக்கட்டளை ஒன்றில் நர்ஸ். அவர்கள் இடம் எங்கள் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலேயே இருக்கிறது. முதியோர் இல்லம் என்று நினைத்திருந்தேன். "அந்த ஆஸ்பத்திரிக்கு எங்களைத் தெரியும் சார். போன் நம்பர்கூடக் குடுத்திருக்கோம்" என்றாள்.

வலிக்கு இவர்களிடம் போங்கள் என்ற ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வாய் வரவில்லை.

அன்று மதியமே அறக்கட்டளை டாக்டரோடு வந்தாள். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கன்னடத்தில் தேவகியிடமே கேட்டார். அதுவரை எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். பிறகு மார்ஃபின் மாத்திரையை எடுத்தார்.

பழனிசாமி குறுக்கே வந்தான். "இது சாகப் போறவங்களுக்குக் குடுக்கறதுங்க. இதை வாங்கினா சாமிகிட்டச் சொன்ன வாக்கு என்னாகிறது?"

தேவகி கண்ணைத் திறந்தாள். "நேந்துக்கிட்டவன் நீ. நீயே நட. எனக்கு மாத்திரையக் குடுங்க."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மங்களா கன்னடத்தில் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அந்த வாரமே தேவகி தூங்கினாள். எழுந்து காபி கேட்டாள். நான் போட்ட காபியை, பாத்திரம் கழுவிய தண்ணீர் என்றாள். அந்த வசவைக் கேட்டு அடுக்களையில் நின்று அழுதேன். புரட்டாசியில் ஒரு காலை, கத்தாமல், என் கையைப் பிடித்தபடி போனாள்.

மாதப்பன் கைவிட்டுவிட்டானே என்று உறவினர்கள் துக்கம் விசாரித்தார்கள். இல்லை. இரண்டில் ஒன்று கேட்டேன். ஒன்று கிடைத்தது.

தீபாவளிக்குப் பழனிசாமி வெறுங்காலில் மலையேறினான். முழங்கால் சரியில்லாததால் நான் பஸ்ஸில் போனேன். சன்னிதியில் "உகே மாதப்பா" என்று எல்லாரையும்போல ஜெயகோஷம் கூவ வாயெடுத்தான். குரல் உடைந்தது. மீதியை நான் கூவினேன்.

மாதப்பன் மேல் இப்போது கோபமில்லை. ஆஸ்பத்திரி மேல் இருக்கிறது, இருக்கும். திங்கட்கிழமைதோறும் அதன் வாசலில் நின்று, கைவிரிக்கப்பட்டு வெளியே வருகிறவர்களிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறேன். காவலாளி விரட்டுகிறான். நான் நிற்பது மாநகராட்சி நடைபாதை, அவன் எல்லை கேட்டோடு முடிகிறது என்று பாடம் எடுத்திருக்கிறேன்.

மாதப்பனை நம்புகிறவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் துடித்தால் அவனிடம் போங்கள். கும்பிட மனம் வராவிட்டால் சண்டை போடுங்கள். கொஞ்சம் உரக்கவே போடுங்கள். பின்னால் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்.