கூரையில் இரண்டு தட்டு

ராலி குபியாக் வாரம் முழுக்கப் பால் லாரி ஓட்டுகிறவர். விஸ்கான்சினில் அவர் ஊரைச் சுற்றியுள்ள மாட்டுப் பண்ணைகளில் அவருடைய லாரி நுழைந்தால் நாய்கூடத் தலை தூக்காது, அவ்வளவு சாதுவான ஓட்டம். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்த மனிதருக்குப் பேய் பிடித்துவிடும். கண்காட்சித் திடலுக்குப் பின்னாலுள்ள சின்ன வட்டப் பந்தயப் பாதையில், கதவுகளை வெல்டிங் வைத்து மூடிய ஒரு பழைய ஷெவர்லே காருக்குள் ஜன்னல் வழியாக நுழைந்து, அக்கம்பக்கத்து வண்டிகளோடு உரசிக்கொண்டு சுற்றுவார். மீசை அரும்பிய வயதில் தொடங்கியது. தலை நரைத்தும் விடவில்லை. இத்தனை வருடத்தில் இரவின் பெரிய பந்தயத்தை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

இன்று சீசனின் கடைசி இரவு. அவருக்கும் அதுதான் கடைசி. கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே மனைவி ஆர்லீன், காரை ஏற்றிவரும் டிரெய்லரில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டிவிட்டாள். ராலி மறுக்கவில்லை. போவதற்கு முன் ஒரே ஒருமுறை, ஜெயித்தவர்கள் கொடி பிடித்து நிற்கும் இடத்தில் ஆர்லீனோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சாயங்காலம் ஆரம்பமே சரியில்லை. ஒத்திகைச் சுற்றில் எஞ்சின் இருமியது. தகுதிச் சுற்றில் டயர் படுத்துக்கொண்டது. பெரிய பந்தயத்துக்கு வரிசை நிற்கும்போதுதான் அதிர்ஷ்டம் எட்டிப் பார்த்தது. அங்கே சீசன் முழுக்க மெதுவாக ஓட்டியவர்களை முன்னால் நிறுத்துவார்கள். அந்தக் கணக்கில் ராலிக்கு முதல் வரிசை. பச்சைக் கொடி அசைந்ததும் முன்னால் பாய்ந்தவர், அப்புறம் யாருக்கும் வழி விடவில்லை. பாதிப் பந்தயம் தாண்டியது. ஒலிபெருக்கியில் அவர் பேர் திரும்பத் திரும்பக் கேட்டது.

அப்போதுதான் இடது பக்கம் ஒரு நீல வண்டியின் மூக்கு தெரிந்தது. டெல்மர் ஓலெஸ்டாட்.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே டிரெய்லரில் வண்டி ஏற்றி வந்தவர்கள். பந்தயம் முடிந்ததும் டிரெய்லரை இழுத்துவரும் பிக்கப் லாரியின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்து, பொரித்த சீஸை ஒரே பொட்டலத்தில் கைவிட்டுத் தின்பார்கள். ஆர்லீனும் டெல்மரின் மனைவி லோரெய்னும் கொசுவை அடித்துக்கொண்டே, "வீடுன்னு ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார்கள். அந்தச் சனிக்கிழமைகள்! இப்போதும் எங்காவது சீஸ் பொரிக்கிற வாசனை வந்தால் ராலிக்கு மனசு எங்கோ போய்விடும்.

எல்லாம் ஒரு மோதலில் போயிற்று. அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வண்டிகள் இடித்துச் சுழன்று எல்லோரையும் மெதுவாக்கும் மஞ்சள் கொடி விழுந்தால், இரண்டையும் கடைசிக்கு அனுப்புவார்கள். ஆனால் தப்பு செய்தவன் கொடிக்காரர் முன்னால் கையை வெளியே நீட்டித் தன் கூரையை இரண்டு முறை தட்டினால், அவன் மட்டும் பின்னால் போவான், மற்றவனுக்கு அவன் இடம் திரும்பக் கிடைக்கும். அன்று மூன்றாம் வளைவில் இருவரும் இடித்துக்கொண்டார்கள். இவன் தட்டுவான் என்று அவர், அவன் தட்டுவான் என்று இவர். யாரும் தட்டவில்லை. பந்தயம் முடிந்ததும் நீதான் இடித்தாய் என்று மாறி மாறிக் கத்தினார்கள், அத்தோடு பேச்சு நின்றது. இருபது வருடம். இடையில் லோரெய்னும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அதே மூன்றாம் வளைவு. நீல வண்டி உள்பக்கம் நுழைந்தது, ராலியும் அதே பக்கம் ஒடித்தார், தகரம் அலறியது. இரண்டும் சுழன்று புல்லில் போய் நின்றன. மஞ்சள் கொடி.

யார் தப்பு? சத்தியமாக ராலிக்குத் தெரியவில்லை. கண் வேறு மங்கல். கொடிக்காரரை நோக்கி வண்டி ஊர்ந்தபோது போட்டோ ஞாபகம் வந்தது, கூடவே பொரித்த சீஸும் வந்தது. இன்னொரு முறை அப்படிப் போகவிட அவரால் முடியாது. ஜன்னல் வலைக்கு அடியில் கையை நுழைத்துக் கூரையை இரண்டு முறை தட்டினார்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், டெல்மரின் கையும் வெளியே. அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கிக்காரன், "இதுக்கு எங்ககிட்ட ரூலே இல்லையேப்பா" என்றான். கூட்டம் சிரித்தது. கொடிக்காரர் தலையைச் சொறிந்தார். ரெண்டு பேரும் ஒப்புக்கொண்டால் ரெண்டு பேருமே பின்னால் போங்கள் என்று கையைக் காட்டினார். மிச்சமிருந்த சுற்றுகளில் ராலி முட்டி மோதி ஒன்பதாவதாக வந்தார். கொடியோடு போட்டோ எடுத்துக்கொண்டவன் முகப்பரு ஆறாத ஒரு பொடியன்.

ராலி வண்டியிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைப் புல்லில் வீசினார்.

"கைய ஒரு நிமிஷம் உள்ளயே வெச்சிருந்தா ஜெயிச்சிருப்ப," என்றாள் ஆர்லீன்.

"தெரியும். நீ வேற ஏன் கிளறுற?"

டெல்மர் தானே நடந்து வந்தார், கையில் எண்ணெய் ஊறிய ஒரு சீஸ் பொட்டலம்.

"உன்னை எவன்டா தட்டச் சொன்னது? நான்தான்டா இடிச்சேன்," என்றார் வந்ததும் வராததுமாக.

"நீயா? நான்டா உள்பக்கம் ஒடிச்சது. இந்தக் கெழவனுக்குக் கண்ணும் தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுதாக்கும்? உள்ள எடமே இல்ல, நான்தான் சொருகுனேன்."

"என் தப்புன்னா என் தப்புதான். வாய மூடு."

அந்த முதல் மோதலன்று எவ்வளவு கத்தினார்களோ அவ்வளவு கத்தினார்கள். பக்கத்து டிரெய்லர்க்காரர்கள் விலக்கிவிட எழுந்து வந்து, விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். ஆர்லீன் பிக்கப் லாரியின் பின்பலகையை இறக்கினாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். பொட்டலம் நடுவில். இருவர் கையும் மாறி மாறி அதற்குள் போய் வந்தது.

"லோரெய்ன் அடக்கத்துக்கு வந்தேன்டா," என்றார் ராலி, பொட்டலத்தைப் பார்த்தபடி. "சர்ச்சுல கடைசி பெஞ்சுல இருந்தேன். முன்னால வர தைரியம் இல்ல."

"தெரியும்."

"எப்படிரா? நீ திரும்பவே இல்லையே."

"வெளிய உன் வண்டி கெளம்புற சத்தம் கேட்டுச்சு. கிளட்ச்சு தேஞ்சிருந்துச்சு," என்றார் டெல்மர். "பாட்டு பாதியில விட்டுட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். அதுக்குள்ள திரும்பிப் போயிட்ட."