தபிதா அக்காவின் சிவப்புத் தங்கம்

ஒளியைப் பற்றிச் சூரியனுக்கே ஒரு சந்தேகம் வந்தாலும், அது சித்தூருக்கு வந்து எங்கள் அக்கா தபிதாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்ச்சுக்கு வருகிறவர்களிடம் எங்கள் நைனா இப்படித்தான் பேசுகிறார். இண்டரில், அதாவது பிளஸ் டூவில், ஃபெயிலான நானும் அவர் பிள்ளைதான். என்னைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்.

திருப்பதியில் ஐந்து வருடமாக அக்கா ஆராய்ச்சி செய்கிறாள். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள், தண்ணீர் சிவந்துவிடும். அதோடு இரும்பு சேர்ந்த ஒரு கரிமச் சேர்மத்தைக் கலந்து லேசரால் அடிப்பாள். உள்ளே போகும் ஒளியை இரண்டு மடங்காக்கினாலும் வெளியே வருவது இரண்டு மடங்காகாதாம். மிச்சத்தைக் கலவை விழுங்கிவிடுமாம். இதில் என்ன அதிசயம்? வீட்டில் அவள் புகழ் இரண்டு மடங்கானால் என் வயிற்றெரிச்சல் நாலு மடங்காகிறது. என்னை யாரும் லேசர் முன் நிறுத்திப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை வந்தாள். திங்களன்று வேலூரில் அவளுக்கு லேசர் கிடைக்கிறது. தவறினால் இன்னும் நாலு மாதம் காத்திருக்க வேண்டும். அது முடிந்தால் பட்டம், பிறகு ஜெர்மனி. அம்மா ஃப்ரிட்ஜிலிருந்த என் மாங்காய்களை வெளியே தள்ளி, அக்கா கொண்டுவந்த சிவப்புத் தங்கத் தண்ணீர் பாட்டிலுக்கு இடம் கொடுத்தாள். பக்கத்திலேயே மறுநாள் நற்கருணைக்கு அம்மா காய்ச்சிய திராட்சரசம். இரண்டும் ஒரே நிறம்.

துரத்தப்பட்ட மாங்காயை நறுக்கி, டம்ளரில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றுகொண்டே யோசித்தேன். அக்கா குளிக்கப் போனதும், காலியான அதே டம்ளரில் தங்கத்தைக் கொட்டி, பாட்டிலில் திராட்சரசத்தை ஊற்றினேன். சிரிப்பு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வேலூரில் நாலு பேர் முன்னால் அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்றுதான் தோன்றியது. அவசரமாக பாட்டிலைக் கழுவித் தங்கத்தைத் திரும்ப ஊற்றினேன். அது நீலமாகியிருந்தது.

ஈரத் தலையோடு வந்த அக்கா பாட்டிலைப் பார்த்தாள். டம்ளரை மோந்தாள்.

“டேய் இஸ்ரேலு, இதுல மாங்கா ஊறப்போட்டு துன்னியா? உப்பு பட்டா தங்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு நீலமாய்டும்.”

“எனக்கென்னா தெரியும்? தானா மாறிச்சி.”

“லேபிளு ஈரமா கீது. பாட்டிலு தானா குளிச்சிச்சா?”

நான் டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன்.

“நாளைக்கு சர்ச்சுக்கு போவ முடியாது. மொத பஸ்ஸுல திருப்பதி போயி தங்கத்த புச்சா பண்ணணும். நீயும் வர்ற.”

“நான் எதுக்கு? ஜெர்மனி போறவ நீ. நீயே பண்ணிக்கோ.”

தலை துவட்டிய கை நின்றது.

“ஓஹோ. நான் போவக்கூடாதுன்னுதான் இத்தெ பண்ணியா?”

பாட்டிலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பேன். இதற்கு ‘ஆமா’ என்று தலையாட்டினேன்.