பேர் தெரியாத மாத்திரை

ஆம்புலன்ஸ்காரர்களை யாரும் நல்ல நாளில் கூப்பிடுவதில்லை. வண்டி வருதா வருதா என்று தெருமுனையைப் பார்த்து நின்ற உங்களுக்கும், வண்டிக்குள் உட்கார்ந்து "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று பொய் சொல்லும் எனக்கும் அந்த நேரம் ஒரே நீளம்தான். செஞ்சியில் ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் வேலைக்கு வந்து ஆறு வருடமாகிறது. வண்டி ஓட்டுவது ஏழுமலை அண்ணன். இங்கே சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு பொட்டலத்தால் வந்த வினை.

வெயில் மயக்கம்

பனமலை ஏரிக்கரையில் ஒருவர் வெயிலில் மயங்கிக் கிடக்கிறார் என்று அழைப்பு வந்தது. காலை பதினோரு மணி. போய்ப் பார்த்தால் ஆள் புளியமர நிழலில் கிடக்கிறார். பேர் மணிகண்டன், முப்பது வயதிருக்கும், செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். உதடு நீலமாகியிருந்தது. நிமிடத்துக்கு நாலு மூச்சுதான் வந்தது. இமையைத் தூக்கினால் கண்மணி கடுகளவு. வெயிலுக்கு இப்படி ஆகாது.

பக்கத்தில் அவருடைய கூட்டாளி சேகர் துண்டால் விசிறிக்கொண்டு நின்றார். "இன்னா சாப்ட்டாரு?" என்றேன். "இட்லிதான்க்கா" என்றார். "நான் போலீஸ் இல்லண்ணா. இன்னா போட்டாருன்னு சொன்னாத்தான் இவரு பொழைப்பாரு" என்றதும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். இடுப்பு வலிக்கென்று ஒருவன் விற்ற மாத்திரைகள். அட்டையும் இல்லை, பேரும் இல்லை.

முகமூடி வைத்துப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே, போனில் டாக்டரிடம் சொன்னேன். "அபின் மாதிரி வேலை செய்யற ஏதோ ஒண்ணு. அதை முறிக்கற நலாக்சோன் ஊசியைப் போடுங்க" என்றார். ஊசி போட்ட மூன்றாவது நிமிடம் மணிகண்டன் இழுத்து ஒரு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்: "இன்னாத்துக்குக்கா எழுப்புனீங்க?"

இறங்கிக்கொள்கிறேன்

சேகரை முன்னால் உட்காரவைத்து வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மணிகண்டன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பு சரியாகிவிட்டதாம், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டுமாம். இந்த ஊசியின் வேலை ஒரு மணி நேரம் நின்றாலே அதிகம், மாத்திரை அதற்குமேல் உடம்பில் இருந்தால் மறுபடி மூச்சு அடங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். தெரிந்த மருந்து என்றால் கணக்குப் போடலாம். பேரே இல்லாததற்கு எவ்வளவு வீரியம், எவ்வளவு நேரம் என்று யார் சொல்வது? அவர் கேட்கவில்லை, கதவில் கை வைத்துவிட்டார். ஏழுமலை அண்ணன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார், வேகத்தைக் குறைக்கவே இல்லை.

பஜாரைத் தாண்டும்போது மணிகண்டனுடைய தலை தொங்கிவிட்டது. மறுபடி பை, மறுபடி மூச்சு. ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி போட்டு, மறுநாள் வரை பக்கத்திலேயே ஆள் வைத்துப் பார்த்தார்கள். ஆளை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும், வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "எறக்கி வுடுன்னு சொல்றவங்க பேச்சை நான் கேக்கறதே இல்ல சிஸ்டர், எங்க வீட்டம்மாவைத் தவிர."

நல்ல தூக்கம்

நாங்கள் வண்டியைக் கழுவப் போகும்போது சேகர் பின்னாலேயே ஓடிவந்தார். "அக்கா, எங்ககூட மூட்டை தூக்கற வேலுவும் அதே பொட்டலத்துலருந்துதான் போட்டான். தூக்கம் வருதுன்னு ஊட்டுக்குப் போயிட்டான்." வண்டி கழுவுவதை அப்படியே விட்டோம். சேகரையும் ஏற்றிக்கொண்டு கோட்டை மலையடிவாரத்தில் இருக்கும் வேலுவின் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி செல்வி வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "சத்தம் போடாதீங்க. நல்லா தூங்கறாரு, கொறட்டை கேக்குது பாருங்க."

கேட்டது. ஒரு குறட்டை. அப்புறம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வரை எண்ணினேன், பிறகுதான் தொண்டையில் களகளவென்று அடுத்தது. அது தூக்கமில்லை, மூச்சு போராடுகிற சத்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். ஊசி போட்டு, மூச்சுக் கொடுத்தேன்; கொஞ்ச நேரத்தில் வேலு வாந்தியெடுத்து, கேட்டதற்குத் தன் பேரைச் சொன்னார். செல்வி நிலைப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார்: "அசந்து தூங்கறாருன்னு ஃபேனை வேற அவர் பக்கமா திருப்பி வெச்சேங்க்கா."

மண்டியில் பத்து நிமிடம்

வேலுவையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மாத்திரைப் பழக்கத்துக்கும் இடுப்புக்கும் சேர்த்து வைத்தியம் நடக்கிறது. அடுத்த வாரம் டீ நேரத்தில் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் நானும் நெல் மண்டிக்குப் போனோம். பேர் இல்லாத மாத்திரையை நம்பாதீர்கள், போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை, எழுப்பினால் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து வண்டியைக் கூப்பிடுங்கள், விட்டுவிட்டு ஓடாதீர்கள் என்று சொன்னோம். எல்லாரும் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டை தைக்கும் பச்சையம்மா மட்டும், "போலீசு வருமா?" என்று கேட்டார். "எனக்கு உங்க மூச்சு போதும்" என்றார் டாக்டரம்மா. பிறகு ஒருவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். பின்னாலேயே இன்னும் நாலு பேர். வெள்ளை, மஞ்சள், உடைந்தது, தூளானது. ஒன்றில்கூட எழுத்து இல்லை. "இது எல்லாம் என்ன மாத்திரை?" என்று டாக்டரம்மா கேட்டதற்குப் பச்சையம்மா சொன்னார்: "மாத்திரை பேரு எங்களுக்குத் தெரியாதும்மா. வித்தவன் பேரு நல்லா தெரியும், எழுதிக்கோங்க."

ஆறு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட வைத்தியம் இவ்வளவுதான்: ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பிறகும் பிழைத்தவர் நம்மைத் திட்டினால், மூச்சு சீராக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிட வேண்டும்.