எத்திராஜ் சாரின் கடைசி முடிச்சு

விழுப்புரம் ரயில் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது திண்டிவனத்திலிருந்து அழைப்பு வந்தது. "சார் போய்ட்டாருங்க. காலையில இமை அசையல," என்றார் எத்திராஜ் சாரின் மனைவி. அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இருவரும் இயற்பியல் கற்பித்தோம். இயந்திரவியல் அவருடைய கோட்டை. ஒரு பொருள் எத்தனை விதமாகத் தன்னிச்சையாக அசைய முடியும் என்ற கணக்கைப் பாடநூல் 'சுதந்திர இயக்கக் கூறுகள்' என்னும். அவரோ வகுப்பறைக் கதவை ஆட்டிக் காட்டுவார். "கீல் மாட்டின கதவுக்கு ஒண்ணு. பறக்குற ஈக்கு மூணு. உங்க மூளைக்கு?"

பிறகு இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே சுருள்வில்லை அழுத்தி, நூலால் கட்டி மேசைமேல் வைப்பார். எதுவும் அசையாது. "கட்டு சும்மா கெடக்குற மாதிரிதான் தெரியும். அவுத்துப் பாருங்க, எவ்ளோ இழுத்துப் புடிச்சிக்கினு இருந்துச்சுன்னு அப்பதான் தெரியும்." நூலை அறுத்ததும் துண்டுகள் பாயும். முதல் வரிசை அலறும்.

அந்தப் பாழாய்ப்போன நரம்பு நோய் அவரிடமிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பிடுங்கியது. அவர் பாடம் நடத்துவதுபோலவே கணக்குச் சொன்னார். "முழங்கை போச்சுங்க. அது கதவு மாதிரி, ஒண்ணுதான். தோள் போனா மூணு."

நாக்கு குழறத் தொடங்கியபோது என்னை அருகில் அழைத்தார். "செத்தா கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டுவாங்க. மயானத்துல மறக்காம அவுத்துடுங்க. கட்டோட அனுப்பிடாதீங்க." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, பயந்திருந்தார். பிறகு இமை மட்டும் மிஞ்சியது.

மயானத்தில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. சாரின் மைத்துனர் "ஜல்தி பண்ணுங்க" என்று விரட்டியதில், வாயைக் கட்டிய துணியை எடுத்தவர்கள் காலை மறந்துவிட்டார்கள். ஞாபகப்படுத்தினேன்.

"நூல்தானே, நெருப்புல போய்டுங்க. விடுங்க," என்றார் மைத்துனர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவுக்காம விடமாட்டேங்க," என்று குனிந்தேன். இறுகியிருந்த முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தேன்.

நான் கையை எடுத்த பிறகு, பாதங்கள் இரண்டும் தாமாக, மெல்ல, விலகின.

"என்னாங்க இது, உசுரு கிசுரு..." என்று மைத்துனர் பின்வாங்கினார். மயான ஊழியர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். "இல்லீங்க," என்றார்.

கட்டு விட்டால் பாதம் சரிவது இயல்புதான், எனக்குத் தெரியாததா? ஆனாலும் சாரின் காதருகே போனேன்.

"எவ்ளோ இழுத்துப் புடிச்சிக்கினு இருந்துச்சுன்னு பாத்துட்டேன் சார். அவுத்தாச்சு. போங்க."